இருநூற்றுப் பன்னிரண்டாவது ஆட்டம்

பன்னிரண்டரை மணிக்கு அலுவலக வேன் வாசலுக்கு வந்துவிடும். அதற்குள் மூன்று கோப்புகள் டிஜிட்டல் டைரிக்குள் ஏறியிருக்க வேண்டும். இப்போது மணி பத்தேகால். ஒன்றுகூட ஏறவில்லை.

டைரி உள்ளங்கை அகலம்தான் இருந்தது. சாம்பல் நிறத் திரை, ஈர்க்குச்சி கனத்தில் ஒரு பேனா, உட்கார வைக்க ஒரு பிளாஸ்டிக் தொட்டில். தொட்டிலின் நெற்றியில் ஒரு பட்டன். அதை அழுத்தினால் டைரியும் கம்ப்யூட்டரும் பேசிக்கொள்ளும் என்று அட்டைப்பெட்டியில் படம் போட்டிருந்தது. படத்தில் இரண்டும் சிரித்துக்கொண்டிருந்தன.

டைரி அவளுடையது. சரியாகச் சொன்னால் லிஃப்ட் ஆய்வுத் துறையுடையது. ஏழு வருடமாக அந்தத் துறையில் அவள் உதவி ஆய்வாளர். லிஃப்ட் கூண்டின் தலையில் ஏறி நின்று டார்ச் பிடிப்பது, இரும்பு வடத்தின் தடிமனை அளந்து சொல்வது, கிரீஸ் கறையோடு வீடு திரும்புவது எல்லாம் அவள் வேலை. கீழே நாற்காலியில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுவது மேலதிகாரியின் வேலை. மேலதிகாரி போன மாதம் ஓய்வு பெற்றுவிட்டதால் ஆய்வாளர் பொறுப்பு அவளுக்கு வந்திருந்தது. இன்றுதான் அவள் முதன்முறையாகத் தனியாகப் போகிறாள். கையெழுத்தும் அவளே போடவேண்டும்.

போகவேண்டிய இடம் ஆறு மாடிப் பிரசவ மருத்துவமனை. அதைக் கட்டியவர் என்ன நினைத்தாரோ, பிரசவ அறையைக் கொண்டுபோய் ஐந்தாம் மாடியில் வைத்திருந்தார். ஐந்து நாள் முன்பு லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுபோனது. பழுது பார்த்தாகிவிட்டது. ஆனால் ஆய்வாளரின் கையெழுத்து இல்லாமல் அதை ஓட்டக்கூடாது. ஐந்து நாளாகப் பிள்ளைத்தாய்ச்சிகள் படியேறிக்கொண்டிருந்தார்கள்.

இந்த மாதம் ஒன்றாம் தேதியிலிருந்து காகிதத்தில் எழுதிய அறிக்கையைத் துறை ஏற்பதில்லை. டைரியில்தான் நிரப்பவேண்டும், டைரித் திரையில்தான் கையெழுத்துப் போடவேண்டும். படிவம், விதிகள், கட்டட விவரம் என்று மூன்று கோப்புகள். அவற்றை ஏற்றித் தருகிற கம்ப்யூட்டர் அலுவலகத்தில் ஒரு பூட்டிய அறைக்குள் இருந்தது. சாவி வைத்திருந்தவர் பல் பிடுங்கிக்கொண்டு விடுப்பில் போயிருந்தார். தலைமை அலுவலகம் கோப்புகளை மின்னஞ்சலில் அனுப்பி, வீட்டிலேயே ஏற்றிக்கொள்ளவும் என்று ஒரு வரியோடு கைகழுவிக்கொண்டது.

வீட்டுக் கம்ப்யூட்டரை இயக்கிய மென்பொருள் லினக்ஸ். டைரியோடு வந்த சிடி அந்தப் பெயரையே கேள்விப்படாதது போல நடந்துகொண்டது.

லினக்ஸைப் போட்டது அவளுடைய அண்ணன். மாடியில் குடியிருந்தார், அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவர். ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகை அந்த அச்சகத்தில்தான் அச்சானது. லினக்ஸ் பற்றிய தொடரை அவர் மெய்ப்புப் பார்த்தார், மெய்ப்புப் பார்த்ததில் நம்பிக்கை வந்தது, பத்திரிகையோடு ஒட்டி வந்த சிடியைக் கொண்டுவந்து தங்கை வீட்டு மெஷினைச் சுத்தமாகத் துடைத்துப் புதியதைப் போட்டார். அது நடந்து பதினோரு நாள் ஆகிறது. அன்றிலிருந்து அவருக்கும் அவளுடைய கணவருக்கும் பேச்சு இல்லை.

ஏன் என்று அவளுக்குத் தெரியாது. அண்ணனைக் கேட்டாள். "ஒண்ணும் இல்லையே" என்றார். கணவரைக் கேட்டாள். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், யார் கண்ணுக்குள்ளும் டார்ச் அடித்துப் பார்க்கத் தயங்காத மனிதர், அவள் கண்ணைப் பார்க்காமல் "என்ன ஆகணும்? ஒண்ணும் ஆகலை" என்றார்.

கோப்பு ஏற்றும் வேலைக்கோ மூன்று ஆள் தேவைப்பட்டது. கம்ப்யூட்டரின் முன்பக்கத்தில் வயர் செருகும் துளைகள் செத்துப்போய் வெகுநாளாகிவிட்டது. பின்பக்கத்தில் ஒன்று மட்டும் உயிரோடு இருந்தது. தொட்டிலின் வயர் ஒரு முழம். அதனால் தொட்டில் மேசைக்கடியில், தரையில்தான் உட்காரும். கணவர் மேசைக்கடியில் மல்லாந்து படுத்துக்கொண்டார், கடையிலிருந்து கொண்டுவந்த கண்பரிசோதனை டார்ச்சோடு. பின்பக்கத் துளையும் தளர்ந்துபோயிருந்தது. யாராவது வயரை உள்ளே தள்ளிப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அதை எட்ட, பீரோவுக்கும் சுவருக்கும் இடையிலிருந்த சந்தில் நுழையக்கூடிய கை அவளுடையது மட்டும்தான். விசைப்பலகை முன்னால் அண்ணன், பக்கத்தில், டைரியை இணைக்கும் வழி போட்டிருந்த இடத்தில் விரித்து வைத்த பத்திரிகை.

"பாப்பா" என்றார் அண்ணன். அவளுக்கு முப்பத்தாறு வயது. "நான் இப்ப கட்டளையை அடிச்சு என்டர் தட்டப்போறேன். தட்டினப்புறம்தான் பட்டனை அழுத்தணும். உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லிடு."

"ஏங்க, அவர் தட்டினப்புறம் அழுத்தணுமாம்."

"சரின்னு சொல்லு" என்றது மேசை.

அண்ணன் தட்டினார். திரையில் ஒரு வரி வந்தது. அண்ணன் அதை மெய்ப்புப் பார்ப்பவரின் நிதானத்தோடு, ஆள்காட்டி விரலை ஒவ்வொரு சொல்லின் கீழும் நகர்த்திப் படித்தார். "அனுமதி இல்லைங்குது."

"யாருக்கு?"

"நமக்குத்தான்."

மேசைக்கடியில் ஒரு சிரிப்பு. "சொந்த வீட்டுல, சொந்த மெஷின்ல, சொந்த மேசைக்கடியில படுத்திருக்கிறவனுக்கு அனுமதி இல்லையாம். யார்கிட்ட போய் மனு கொடுக்கணும்னு உங்க அண்ணனைக் கேளு."

"நிர்வாகி கடவுச்சொல் போட்டா அனுமதி கொடுக்கும். நிர்வாகி நான்தான்னு சொல்லு பாப்பா." அண்ணன் இடது கையால் விசைப்பலகையை மறைத்துக்கொண்டு கடவுச்சொல்லை அடித்தார். ஒருத்தி பீரோவுக்குப் பின்னால் முகத்தைச் சுவரில் ஒட்டிக்கொண்டும், ஒருவர் தரையில் மல்லாந்தும் கிடக்கிற அறையில் அவர் யாரிடமிருந்து மறைத்தார் என்று தெரியவில்லை.

அனுமதி கிடைத்தது. அடுத்த தட்டலுக்கு வேறொரு வரி வந்தது.

"அப்படி ஒரு கருவியே இல்லைங்குது."

"இருக்கே, என் காதுக்குப் பக்கத்துலதான் இருக்கு" என்றார் கணவர்.

"பட்டனை அழுத்தச் சொல்லு, பாப்பா. சீக்கிரம்."

"அழுத்தணுமாம்."

கணவர் அழுத்தினார். டைரி விழித்துக்கொண்டது. கம்ப்யூட்டருக்குக் காத்திருக்கிறேன் என்று எழுதிக் காட்டியது. காத்திருந்தது. அண்ணன் அதற்குள் பத்திரிகையில் ஒரு வரி கீழே போயிருந்தார். அவர் தலைநிமிர்ந்து மறுபடி கட்டளையை அடித்து முடிப்பதற்குள் டைரி பொறுமை இழந்து, தொடர்பு கிடைக்கவில்லை என்று சொல்லித் தூங்கிப்போனது.

இப்படியே ஐந்து தடவை ஆயிற்று. ஆறாவது தடவை அண்ணன் கொஞ்சம் உரக்கவே, "இப்ப அழுத்தணும்" என்றார். எதுவும் நடக்கவில்லை. கணவர் அழுத்தவே இல்லை.

"ஏங்க, காதுல விழலையா?"

"விழுந்துச்சு. ஆனா எங்கிட்ட சொல்லலையே. சுவத்தைப் பார்த்துச் சொன்னாரு. நீ சொல்லுவேன்னு காத்துக்கிட்டு இருந்தேன்."

"நான் சொல்றதுக்குள்ள அது தூங்கிடுதுங்க."

"அதுக்கு நான் என்ன பண்ண? வரவேண்டிய வழியில வரணும் இல்ல."

மணி பதினொன்று ஆகப்போகிறது. அவளுடைய கை மரத்துப்போயிருந்தது. "ரெண்டு பேருக்கும் நடுவுல ரெண்டடி தூரம். அந்த ரெண்டடிக்கு நான் தபால்காரி. அங்க அஞ்சு மாடி ஏறிப் பிள்ளை பெத்துக்கிட்டு இருக்காங்க. இன்னைக்கு நான் போய்க் கையெழுத்துப் போடலைன்னா நாளைக்கு வேற ஆளை அனுப்புவாங்க. அப்புறம் இன்னொரு ஏழு வருஷம் நான் டார்ச் பிடிக்கலாம். உங்களுக்கு என்ன?"

இருவரும் வருத்தப்பட்டார்கள் என்றே சொல்லவேண்டும். ஆனால் வருத்தம்கூட அவள் வழியாகத்தான் பரிமாறப்பட்டது.

"எனக்கு வருத்தமா இருக்குன்னு சொல்லு, பாப்பா. புத்தகத்துல இருக்கிறபடிதான் செய்றேன். ஒரு எழுத்துப் பிசகலை."

"புத்தகத்தைக் குத்தம் சொல்லலை. அந்த இனாம் சிடியைத்தான் சொல்றேன். பழைய சிஸ்டமா இருந்தா இந்நேரம் ஏறி, இறங்கி, காபி குடிச்சிட்டுப் போயிருக்கும்."

"பழைய சிஸ்டம் வாரத்துக்கு ரெண்டு தரம் முகம் நீலம் பாரிச்சு நிக்குமே, அது மறந்துபோச்சான்னு கேளு."

"நின்னுச்சு. நின்னாலும், உள்ள இருந்ததைத் தின்னுட்டு நிக்கலை."

அவள் பீரோ சந்திலிருந்து முகத்தைத் திருப்பினாள். "எதைத் தின்னுச்சு?"

அண்ணன் பத்திரிகையின் ஓரத்தைச் சரிசெய்தார்.

"எதைத் தின்னுச்சுன்னு கேக்கிறேன்."

"துடைக்கிறதுக்கு முன்னாடி கேட்டேன்" என்றார் அண்ணன், கூரையைப் பார்த்து. "ஒரு தரம் இல்ல, மூணு தரம். முக்கியமா ஏதாவது இருக்கா, முக்கியமா ஏதாவது இருக்கான்னு. நீயும் அங்கதான் நின்னே பாப்பா. முக்கியமா ஒண்ணும் இல்லைன்னாரு. மூணு தரமும்."

"அவ பக்கத்துல நிக்கிறா. வேற என்ன சொல்றது?" மேசைக்கடியிலிருந்து வந்த குரல் முதன்முறையாக நேராக வந்தது. "நீங்களாப் புரிஞ்சுக்க வேணாமா? ஒரு ஆம்பளை இழுத்து இழுத்து இல்லைங்கிறான்னா இருக்குன்னுதானே அர்த்தம். இருநூத்திப் பதினோரு ஆட்டம், மச்சான். இருநூத்திப் பதினோரு ஆட்டம் ஜெயிச்சு வச்சிருந்தேன்."

"எந்த ஆட்டம்?" என்றாள் அவள்.

"சீட்டு" என்றார் கணவர், மிகச் சிறிய குரலில். "ஒத்தை ஆள் ஆடுறது."

அவள் யோசித்தாள். ஒன்றரை வருடமாக, கடை அடைத்து வந்தபின் தினமும் ஒரு மணி நேரம், கண்ணாடிக் கம்பெனிகளுக்குக் கடிதம் எழுதுகிறேன் என்று அவர் இந்த மேசையில் உட்கார்ந்திருக்கிறார். அவர் கவனம் கலையக்கூடாது என்று அவள் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்திருக்கிறாள். தேநீர் டம்ளரைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டு நுனிக்காலில் போயிருக்கிறாள்.

"எல்லாக் கடிதமும் சீட்டா?"

"எல்லாமும் இல்ல. நாலு கடிதம் எழுதியிருக்கேன்."

"சீட்டுக்காகவா பதினோரு நாளா எங்கிட்ட பேசலை?" என்றார் அண்ணன். அவரும் இப்போது நேராகத்தான் கேட்டார். "நான் என்னவோ கடை விஷயமா எதையோ அழிச்சுட்டேன்னு பதினோரு நாளாச் சோறு இறங்காமக் கிடக்கிறேன். சீட்டா, மாப்ள?"

கணவர் வெளியே வர முயன்றார். இதுபோன்ற பேச்சை மல்லாந்தபடி பேச முடியாது. எழுந்த வேகத்தில் நெற்றி மேசையின் அடிப்பலகையில் முட்டியது, ஊன்றிய கை தொட்டில் மேல் விழுந்தது. அதே சமயம் அண்ணன், "சீட்டா?" என்று இன்னொரு தரம் கேட்டு, கேட்ட வேகத்தில் விசைப்பலகை மேல் உள்ளங்கையால் அறைந்தார். அது என்டர் இருந்த பக்கம்; அடுத்த தடவைக்காக அடித்து வைத்த கட்டளை திரையில் தயாராகக் காத்திருந்தது.

தரையிலிருந்து மூன்று சுரம் ஏறுவரிசையில் கேட்டது. இதற்கு முன் அந்த வீட்டில் யாரும் கேட்டிராத ஓசை. திரையில் எழுத்துகள் ஓடின. அண்ணன் விரலை வைத்துப் படித்தார்.

"ஏறிடுச்சு. படிவம் ஏறிடுச்சு."

மூவரும் அசையவில்லை. கணவரின் தலை பாதி மேசைக்கு வெளியே இருந்தது. நெற்றியில் ஒரு புடைப்பு வளரத் தொடங்கியிருந்தது.

"கடைசியா அடிச்ச கட்டளை சரியா இருந்திருக்கு" என்றார் அண்ணன்.

"என் கை பட்டதுல வயர் சரியாயிடுச்சு" என்றார் கணவர்.

"ரெண்டும் இல்ல" என்றாள் அவள்.

அவள் இருந்த சந்திலிருந்துதான் தொட்டிலும் தெரியும், விசைப்பலகையும் தெரியும். அவளுடைய தொழிலே எது முதலில் நடந்தது, எது பின்னால் நடந்தது என்று பார்ப்பதுதான். "முதல்ல பட்டன். அப்புறம் என்டர். நடுவுல ஒரு மூச்சு விடுற நேரம். இது வரைக்கும் நாம தலைகீழாச் செஞ்சுக்கிட்டு இருந்திருக்கோம்."

"அப்படி இருக்க முடியாது, பாப்பா. புத்தகத்துல..."

"அண்ணா, லிஃப்ட்ல கதவுதான் முதல்ல சொல்லணும், நான் மூடிட்டேன்னு. கதவு சொல்லாம மோட்டாரை எத்தனை தரம் முடுக்கினாலும் கூண்டு நகராது. இதுவும் அப்படித்தான். பட்டனை அழுத்துற வரைக்கும் டைரின்னு ஒண்ணு இருக்கிறதே கம்ப்யூட்டருக்குத் தெரியாது. நீ காலி நாற்காலியைப் பார்த்துப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டு இருக்கே. அது கண்ணு முழிச்சு நான் வந்துட்டேங்கிறப்போ நீ பக்கம் திருப்பிக்கிட்டு இருக்கே."

அண்ணன் பத்திரிகையைப் பார்த்தார். நாற்பத்து மூன்றாம் பக்கம். வெகு நேரம் பார்த்தார். அவர் படிக்கவில்லை என்பது விரல் நகராததிலிருந்து தெரிந்தது.

"எழுதினவர் அப்படித்தான் எழுதியிருந்தாரு" என்றார் கடைசியில்.

"எப்படி?"

"பட்டன் மூணாவது படி. என்டர் நாலாவது. நான்தான் மாத்தினேன்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாப்பிள்ளை கடையில் போட்ட கண்ணாடி. "கட்டளை கொடுக்கிறதுக்கு முன்னாடியே ஒருத்தன் எப்படிக் காரியத்தைச் செய்வான்? வரிசை தப்பி விழுந்திருக்குன்னு நினைச்சேன். ரெண்டு வரியையும் இடம் மாத்தி, ஓரத்துல என் முதலெழுத்தைப் போட்டு அச்சுக்கு அனுப்பிட்டேன்."

"எழுதினவர் ஒண்ணும் கேக்கலையா?"

"கடிதம் போட்டாரு. மூணு பக்கம்."

"நீ என்ன பதில் போட்டே?"

"அந்தக் கடிதத்துலயும் ஏழெட்டுத் தப்பு இருந்துச்சு. திருத்தித் திருப்பி அனுப்பினேன்."

முதலில் சிரித்தது கணவர்தான். படுத்த இடத்திலிருந்தே சிரித்தார். சிரிப்பு வயிற்றிலிருந்து வந்ததால் மேசையே குலுங்கியது. "மச்சான், இந்நேரம் உங்க புத்தகத்தை வச்சுக்கிட்டு எத்தனை பேர் மேசைக்கடியில கிடக்கிறாங்களோ."

"மாப்ள, பட்டன்ல கை வைங்க" என்றார் அண்ணன். காது சிவந்திருந்தது. "நான் சொன்னப்புறம் இல்ல. நீங்க அழுத்திட்டு எனக்குச் சொல்லுங்க."

"அழுத்திட்டேன், மச்சான்."

ஒரு மூச்சு. என்டர். மூன்று சுரம்.

விதிகள் ஏறின. கட்டட விவரமும் ஏறியது. மணி பதினொன்று ஐம்பது. அவள் சந்திலிருந்து கையை உருவினாள். தோள் வரை ஒட்டடை. குளித்து, சீருடை போட்டு, கருவிப்பையை எடுத்து வைக்க நாற்பது நிமிடம் இருந்தது. "சரியா ஏறியிருக்கான்னு ஒரு தரம் சோதிச்சுப் பார்த்துடறோம். நீ போய்க் கிளம்பு" என்றார் கணவர். மேசைக்கடியில் இப்போது இரண்டு பேர் இருந்தார்கள். வயரை அண்ணன் ஒரு கையிலிருந்த அடிக்கோலால் தள்ளிப் பிடித்துக்கொண்டு மறுகையை மேசை மேலே நீட்டி விசைகளைத் துழாவிக்கொண்டிருந்தார்.

தலை வாரிக்கொண்டிருக்கும்போது இன்னொரு தடவை அந்த மூன்று சுரம் கேட்டது. சோதிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். சோதிப்பதற்கு எதற்கு அவ்வளவு நேரம் என்று நினைக்க நேரமில்லை. வேன் வந்துவிட்டது. கணவர் டைரியை அவளிடம் கொடுத்தபோது உடனே விடாமல் ஒரு கணம் பிடித்திருந்தார். அவளுக்கு வாழ்த்துச் சொல்லத்தான் தயங்குகிறார் போலும் என்று அவள் நினைத்தாள்.

மருத்துவமனை வரவேற்பறையில், லிஃப்ட் கதவுக்கு எதிரே போட்டிருந்த பெஞ்சில் நான்கு கர்ப்பிணிகள் உட்கார்ந்திருந்தார்கள். அழைப்புப் பட்டனை மறைத்துத் துறையின் சீல் வைத்த நாடா. அதன் பக்கத்தில் கத்தரிக்கோலோடு காவலாளி.

அவள் இரண்டு மணி நேரம் எடுத்துக்கொண்டாள். கூண்டின் தலையில் நின்றாள். இந்தத் தடவை டார்ச்சைப் பிடித்தது மருத்துவமனை எலக்ட்ரீஷியன். வடத்தை அளந்தாள், பிரேக்கைச் சோதித்தாள், ஆறு மாடிக் கதவுகளையும் ஆறு தரம் திறந்து மூடினாள். மூன்றாம் மாடிக் கதவின் பூட்டுத் தகட்டைப் புதிதாக மாற்றியிருந்தார்கள். அதை மட்டும் ஒன்பது தரம். ஒவ்வொன்றுக்கும் டைரியில் பதில் குத்திக்கொண்டே வந்தாள். எல்லாம் சரியாக இருந்தது. வரவேற்பறைக்கு இறங்கி வந்து, கடைசிக் கட்டத்தில், கையெழுத்து என்ற இடத்தில் பேனாவை வைத்தாள்.

இடம் போதவில்லை என்றது டைரி. எதையாவது அழித்துவிட்டு வரச் சொன்னது. உள்ளே இருப்பவற்றின் பட்டியலையும் அதுவே காட்டியது. படிவம், விதிகள், கட்டட விவரம். நான்காவதாக ஒரு சின்னப் படம். உற்றுப் பார்த்தாள். ஸ்பேட் ராணி.

காவலாளி கத்தரிக்கோலை ஒரு தரம் திறந்து மூடினார். பெஞ்சில் ஓரமாக இருந்த பெண் பெருமூச்சு விட்டு வயிற்றை நகர்த்தி உட்கார்ந்தாள். ஆய்வாளர் வரவேற்பு மேசையில் இருந்த தொலைபேசியைக் கேட்டு வாங்கினாள்.

முதல் மணியிலேயே கணவர் எடுத்தார். "முடிஞ்சுதா?"

"டைரில இடம் பத்தலை. எதையாவது அழிச்சாத்தான் கையெழுத்துப் போட விடும்." அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நீங்க இதுல முக்கியமா ஏதாவது வச்சிருக்கீங்களா?"

"முக்கியமா ஒண்ணும் இல்லை" என்று இழுத்தார் கணவர். அந்த இழுப்பின் அர்த்தத்தை அவள் இப்போது அறிவாள்.

"மாப்ள" என்று பின்னாலிருந்து அண்ணனின் குரல் கேட்டது. "திரும்பவும் அதே வேலையா? இன்னொரு பதினோரு நாள் என்னால தாங்க முடியாது. வாயைத் திறந்து சொல்லுங்க."

தொண்டையைச் செருமும் ஓசை. "ஒரு ஆட்டம் இருக்கு. மச்சான் வச்சிருந்த பழைய சிடில கிடைச்சுது. நீ தலை வாரிக்கிட்டு இருந்தப்போ ஆடினேன். ஜெயிச்சுட்டேன்."

"எத்தனை ஆட்டம்?"

"அதுல ஒண்ணுன்னுதான் காட்டும். ஆனா அது இருநூத்திப் பன்னிரண்டு." பிறகு அவசரமாகச் சொன்னார்: "அழிச்சுடு. அங்க எல்லாரும் காத்துக்கிட்டு இருப்பாங்க. அதுக்காக இந்தத் தரம் நான் யார்கிட்டயும் பேசாம இருக்கமாட்டேன். அழிச்சுடு."

"நான் கண்ணால பார்த்தேன் பாப்பா" என்றார் அண்ணன், தூரத்திலிருந்து. "நாலு ராஜாவும் மேல வந்துட்டாங்க."

அவள் ஸ்பேட் ராணியைத் தொட்டாள். பச்சைக்குப் பதில் சாம்பல் நிறத்தில் சீட்டுகள் விரிந்தன. நான்கு ராஜாக்களும் மேலே இருந்தார்கள். ஓரத்தில், வெற்றி ஒன்று.

பெஞ்சிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். "சீட்டாங்க அது?"

"ஆமா."

"யார் ஜெயிச்சது?"

"வீட்டுக்காரர்."

அந்தப் பெண் பக்கத்தில் இருந்தவளிடம், "எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கு" என்றாள்.

ஆய்வாளர் கருவிப்பையைத் திறந்து, அளவுகள் குறித்துக்கொள்ளும் பழைய காகித நோட்டை எடுத்தாள். தேதி போட்டாள். நேரம் போட்டாள். இருநூற்றுப் பன்னிரண்டாவது ஆட்டம், வெற்றி, நேரில் பார்த்துச் சரிபார்க்கப்பட்டது என்று எழுதினாள். கீழே கையெழுத்துப் போட்டுப் பதவியையும் எழுதினாள். எழுதி முடித்த பிறகுதான், ஆய்வாளர் என்ற பதவியில் தான் போட்ட முதல் கையெழுத்து இதுதான் என்பது உறைத்தது. கையெழுத்து நன்றாகத்தான் விழுந்திருந்தது.

"என்ன பண்றே?" என்றார் கணவர்.

"பதிவு பண்ணிட்டேன். இனி யார் எதைத் துடைச்சாலும் இது இருக்கும். போனை வைக்கட்டுமா?"

"கோந்து தீர்ந்துபோச்சு, வரும்போது ஒரு புட்டி வாங்கிட்டு வா" என்றார் கணவர். பேச்சு வராதபோது அவர் எதையாவது வாங்கிவரச் சொல்வார்.

அவள் ஸ்பேட் ராணியை அழித்தாள். டைரி இடம் கொடுத்தது. வழுக்குகிற திரையில் இரண்டாவது கையெழுத்து கோணலாக விழுந்தது. டைரி அதை ஏற்றுக்கொண்டது.

காவலாளி சீலை வெட்டினார். நான்கு பெண்களும் எழுந்து, ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு, கூண்டுக்குள் போய் நின்றார்கள். அவளும் கூடவே ஏறி ஐந்தை அழுத்தினாள்.

கதவு மூடியது. ஒரு மூச்சு விடும் நேரம் எதுவும் நடக்கவில்லை. பெண்கள் அவள் முகத்தைப் பார்த்தார்கள்.

"பொறுங்க" என்றாள். "கதவு சொல்லிக்கிட்டு இருக்கு."

கூண்டு நகர்ந்தது.